வாரக் கூட்டமும் இருதய நலமும்

(ஊராட்சி அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வளர்ச்சிப் பணி என்றதும் நம் நினைவுக்கு வருவன சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம், கண்மாய் மராமத்து ஆகியவையே. அவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் இங்கே கூடுவது வழக்கம். இன்று அவ்வழக்கத்திலிருந்து சிறிது விலகி, மனிதனுடைய இருதயத்தைப் பற்றிப் பேச முற்படுகிறோம். இது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, வளர்ச்சி அலுவலருக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நோய்க்கு மருந்து கொடுப்பது டாக்டரின் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் நோயாளி உரிய நேரத்தில் டாக்டரிடம் போய்ச் சேருவதற்கு வழிசெய்வதும், நோய் வருமுன் ஊர் தன்னைக் காத்துக்கொள்வதும் ஊராட்சியின் பணிகளாகும். அந்தப் பணிகளைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நகரத்துச் சங்கத்தில் கண்டவை

அண்மையில் நமது ஒன்றியத்தை அடுத்துள்ள நகரத்தில், சமூக சேவைச் சங்கம் ஒன்று தனது வாரக் கூட்டத்திற்கு நம்மை அழைத்திருந்தது. வியாபாரிகள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், அரிசி ஆலை நடத்துவோர் என முப்பது பேர் அளவில் வந்திருந்தனர். குறித்த மணிக்குக் கூட்டம் தொடங்கியது. சென்ற வாரம் ஏற்றுக்கொண்ட வேலைகளில் முடிந்தவை எவை, முடியாதவை எவை, முடியாமைக்குக் காரணம் என்ன என்று செயலாளர் படித்தார். பின்னர் இருதய நோய் மருத்துவர் ஒருவர் இருபது நிமிஷம் பேசினார். அரைமணி நேரம் கேள்விகளும் விடைகளும் நடந்தன. குறித்த மணிக்கே நன்றியுரை கூறப்பட்டது.

இத்தகைய சங்கங்களின் வரலாறு அறியத்தக்கது. 1905 ஆம் ஆண்டு பிப்ரவரி 23 ஆம் நாள், அமெரிக்காவில் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தம் நண்பர் மூவருடன் கூடிப் பேசியதே ரோட்டரி சங்கத்தின் தொடக்கம். அம்மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி. ஒருவர் சுரங்க இஞ்சினியர். மற்றவர் தையல் தொழில் நடத்தியவர். இந்த வாரம் ஒருவர் அலுவலகம், அடுத்த வாரம் மற்றொருவர் அலுவலகம் என்று முறை வைத்துச் சுற்றி வந்து கூடியதால், சுழலுதல் என்னும் பொருளுடைய அப்பெயர் ஏற்பட்டது. அதே சிகாகோவில் 1917 இல் லயன்ஸ் சங்கம் தோன்றியது. நம் நாட்டில் முதல் ரோட்டரி சங்கம் 1920 இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் முறைப்படி அமைந்தது. சென்னையில் 1929 இல் அமைந்தது.

நால்வர் கூடிய கூட்டம் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் என்ன? பணம் என்று சொல்லிவிடலாம். பணம் ஒரு துணையே. தவறாமல் கூடுவதும், சென்ற முறை சொன்னதை இந்த முறை கேட்பதும் ஆகிய இரண்டு பழக்கங்களே முதற்காரணம் என்பது நமது கருத்து. 1985 ஆம் ஆண்டு ரோட்டரி சங்கத்தார் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியில் இறங்கினர். உலக சுகாதார நிறுவனமும் அரசாங்கங்களும் அப்பணியில் சேர்ந்தன. நமது ஊர்களிலும் பள்ளிக்கூடத் திண்ணையில் சொட்டு மருந்து முகாம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2014 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் இந்தியா போலியோ அற்ற நாடு என்ற சான்றைப் பெற்றது. இடையில் சென்ற ஆண்டுகள் ஏறக்குறைய முப்பது. ஒரு நாள் ஊர்வலத்தாலும் ஒரு நாள் சொற்பொழிவாலும் அக்காரியம் கைகூடியிருக்காது.

அன்றைய கூட்டத்தில் மற்றொன்றையும் கண்டோம். அந்த மண்டபத்திலிருந்து மருத்துவமனைக்குப் பத்து நிமிஷத்தில் சென்றுவிடலாம். அங்கிருந்தவர் பலரிடம் டாக்டரின் தொலைபேசி எண் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டர் தொலைவில் வாழ்பவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு மிகவும் தேவை. அவர்களுள் ஒருவரும் அங்கு இல்லை. ஆகவே, அங்குக் கேட்டதை இங்குக் கொண்டுவந்து சேர்ப்பது நமது கடமை எனக் கருதினோம்.

கடைமடையும் இருதயமும்

இருதயம் நமது கைமுஷ்டி அளவுள்ள ஒரு தசை. நிமிஷத்திற்கு ஏறக்குறைய 70 முறை, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நாம் சும்மா இருக்கும்போதே நிமிஷத்திற்கு ஐந்து லிட்டர் அளவு ரத்தத்தை இறைக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு நாளில் ஏழாயிரம் லிட்டர் ஆகிறது. உங்கள் கிணற்று மோட்டார் இரவில் ஓய்வு கொள்ளும். மின்சாரம் நின்றாலும் ஓய்வு கொள்ளும். இந்த மோட்டாருக்கு ஆயுள் முழுவதும் ஓய்வில்லை.

உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் இருதயத்திற்கும் ரத்தம் வேண்டும். அதை அதன் மேற்புறத்தில் படர்ந்துள்ள சில மெல்லிய குழாய்களே கொண்டு செல்கின்றன. இவற்றை வாய்க்கால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக வாய்க்காலில் வண்டல் படிவதைப் போல, இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. நீர் குறைவாக ஓடினாலும் ஓடிக்கொண்டிருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. கரை சரிந்து வாய்க்கால் அடைபட்டது போல் குழாய் அடைபடுகிறது. இதுவே மாரடைப்பு.

மடை அடைபட்டால் முதலில் காய்வது கடைமடைப் பயிர். அன்றே மண்ணை அகற்றி நீர் விட்டால் பயிர் பிழைக்கும். பத்து நாள் கழித்து எவ்வளவு நீர் விட்டாலும் காய்ந்த பயிர் பச்சையாகாது. இருதயத் தசையும் அவ்வாறே. ஆனால் பயிருக்கு நாள் கணக்கு; இருதயத்திற்கு நிமிஷக் கணக்கு. அடைபட்ட அரைமணி நேரத்திற்குள்ளாகவே தசை அழியத் தொடங்கி, மணிக்கு மணி அழிவு பரவுகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து முதல் மூன்று மணி நேரத்தில் மிகுந்த பயன் தரும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தபின் அதனால் பெரும்பாலும் பயனில்லை. குழாய் வழியே சென்று அடைப்பை நீக்கும் சிகிச்சையும் எவ்வளவு விரைவில் செய்யப்படுகிறதோ அவ்வளவு நன்று.

ஓர் இரவில் நடந்தது

நமது பணிக்காலத்தில் நாம் நேரில் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறோம். ஐம்பது வயது கடந்த விவசாயி ஒருவர் இரவு முறைப் பாசனத்திற்குச் சென்று, இரண்டு மணி அளவில் வீடு திரும்பினார். நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போல் இருப்பதாகச் சொன்னார். சட்டை நனையும்படி வியர்த்தது. மனைவியார் பயந்தார். “ராத்திரி சாப்பிட்ட மொச்சைதான் வாய்வாக நிற்கிறது” என்று அவரே சமாதானம் சொன்னார். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். சோடா வாங்கி வந்தார்கள். நெஞ்சில் தைலம் தேய்த்தார்கள். விடியற்காலை முதல் பஸ்ஸுக்காக முக்கால் கிலோமீட்டர் அவரை நடத்திச் சென்றார்கள். ஆஸ்பத்திரியை அடைந்தபோது மணி ஏழரை.

அவர் உயிர் பிழைத்தார். ஆனால் இருதயத் தசையில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதற்குப்பின் அவரால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. இருந்த மூன்று ஏக்கரும் குத்தகைக்குப் போயிற்று. கல்லூரிக்குச் செல்லவேண்டிய மகன் நூற்பாலை வேலைக்குச் சென்றான். மாரடைப்பின் சேதத்தை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மட்டும் தேடினால் போதாது; நிலத்திலும் பள்ளிப் பதிவேட்டிலும் அது இருக்கிறது.

அவ்வீட்டில் எவரும் அன்பில் குறைந்தவரல்லர்; அலட்சியமாக இருந்தவருமல்லர். 108 என்ற எண்ணை அவர்கள் அறிவார்கள். மருமகளின் பிரசவத்திற்கு அழைத்தவர்கள்தாம். நெஞ்சு வலிக்கும் அழைக்கலாம் என்பதுதான் அவர்களுக்குத் தோன்றவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தோன்றவேண்டிய எண்ணத்தைப் பகலில், கூட்டத்தில், பலமுறை பேசி மனத்தில் பதியவைத்திருக்க வேண்டும். அதைச் செய்யவல்லது ஊராட்சியே.

அறிகுறிகளும் உடனே செய்யத்தக்கவையும்

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம் அல்லது எரிச்சல், அது இடது கைக்கோ, இரு கைகளுக்குமோ, தாடைக்கோ, கழுத்துக்கோ, முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், மயக்கம் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். வலி மேல்வயிற்றில் தோன்றுவதும் உண்டு. அதனாலேயே வாய்வு என்று ஏமாறுகிறோம். பெண்களுக்கும், முதியோருக்கும், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வலி மிகக் குறைவாகவே இருந்து, காரணமில்லாத களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டுமே தெரியலாம். வாய்வா, மாரடைப்பா என்று வீட்டில் வாதம் செய்து முடிவு கட்ட முடியாது. இ.சி.ஜி. படமும் டாக்டரின் சோதனையும் சொல்லவேண்டிய விடை அது. வாய்வாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

இத்தகைய அறிகுறி கண்டால், அவரை நடக்க விடாமல் உட்கார வையுங்கள். மோட்டார் சைக்கிளில் அவரே ஓட்டிச் செல்ல இடம் கொடாதீர்கள். 108 ஐ அழையுங்கள். 2008 ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இச்சேவை கட்டணமின்றி நடைபெற்று வருகிறது. 2023 இல் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், இருதய நோய்க்கான முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பப்பெற்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் அவற்றுள் அடங்கும். உங்கள் ஊர் நிலையத்தில் அவை இருப்பில் உள்ளனவா என்று இன்றே விசாரித்துக்கொள்ளுங்கள். எவருக்குக் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கலாகாது என்பதை மருத்துவரோ செவிலியரோ தீர்மானிப்பார்கள்.

ஒருவர் திடீரெனச் சாய்ந்து, அழைத்தால் விழிக்காமலும் மூச்சு விடாமலும் கிடந்தால், அவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவர் 108 ஐ அழைக்க, மற்றொருவர் அவரைத் தரையில் மல்லாத்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தவேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்க, நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை வரை, உதவி வரும்வரை விடாமல் அழுத்தவேண்டும். இது பயிற்சியால் வரும் கலை; புத்தகத்தைப் படித்து வருவதன்று. உங்கள் ஊரில் பத்து இளைஞர்களுக்கேனும் இப்பயிற்சியை அளிக்க வட்டார மருத்துவ அலுவலரைக் கேளுங்கள்.

உழைப்பாளிக்கு வராது என்னும் நம்பிக்கை

“பாடுபடுகிறவனுக்கு இந்த நோயெல்லாம் வருமா? இது பணக்காரர் வியாதி” என்று ஊர்களில் சொல்லக் கேட்கிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை அறியப் பின்லாந்து நாட்டுக்குச் சிறிது செல்வோம்.

அந்நாட்டின் கிழக்கு எல்லையில் வட கரேலியா என்றொரு மாகாணம். சிறு விவசாயிகளும், கறவை மாடு வளர்ப்போரும், காட்டில் மரம் வெட்டுவோரும் நிறைந்த பகுதி. உடல் உழைப்பில் அவர்கள் நமக்குச் சளைத்தவரல்லர். எனினும் 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில், நடுவயது ஆடவர் இருதய நோயால் இறப்பது உலகிலேயே மிக அதிகமாயிருந்த இடங்களுள் அதுவும் ஒன்று. காரணத்தை ஆராய்ந்தபோது, உணவில் வெண்ணெயும் கொழுப்பு மிகுந்த பாலும் உப்பும் மிகுதி. காய்கறி மிகக் குறைவு. ஆடவரில் பாதிப்பேர் புகைபிடிப்பவர் எனத் தெரியவந்தது.

1971 ஆம் ஆண்டு அம்மாகாண மக்களின் பிரதிநிதிகள் தங்களைக் காக்க வழிசெய்யுமாறு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் செய்துகொண்டனர். 1972 இல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் தலைமையில் திட்டம் தொடங்கியது. அவர் ஆஸ்பத்திரி கட்டுவதில் தொடங்கவில்லை. ஊர்க் கூட்டங்களில் தொடங்கினார். மார்த்தா என்னும் பெண்கள் சங்கத்தார் கிராமந்தோறும் கூடி, வெண்ணெய் குறைத்துக் காய்கறி சேர்த்துச் சமைத்துக் காட்டினர்; சேர்ந்து உண்டனர். ரத்தத்தில் கொழுப்பைக் குறைப்பதில் கிராமங்களுக்கிடையே போட்டியும் நடந்தது. வெண்ணெய் விற்பனை குறைந்தால் பால் விவசாயி பிழைப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அதற்கும் விடை கண்டார்கள். அந்நாட்டுக் குளிரில் நன்கு விளையும் சிறு பழவகைகளைப் பயிரிட உதவினார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் உழைக்கும் வயதுடைய ஆடவரின் இருதய நோய் மரணம் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. உழைப்பு மட்டுமே கவசமாகாது என்பது ஒன்று. ஓர் ஊர் சேர்ந்து முயன்றால் இந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது மற்றொன்று. மேலும், நமது உழைப்பும் முன்போல் இல்லை. உழுவதற்கு டிராக்டர், அறுப்பதற்கு இயந்திரம், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள் என்றாகிவிட்டது. உழைப்பு எளிதானது நல்லதே. ஆனால் உடம்புக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது வேகநடையோ அதற்கு நிகரான உழைப்போ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளிவந்த ஆய்வின் கணக்குப்படி, நம் நாட்டில் சர்க்கரை வியாதியுடையோர் 10 கோடிக்கு மேல்; ரத்த அழுத்தம் உடையோர் 31 கோடிக்கு மேல். இவ்விரண்டும் இருதயக் குழாய்களைச் சத்தமின்றிக் கெடுப்பவை. இவ்வளவு பேரும் நகரத்தில் மட்டும் இருக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் தொடங்கவேண்டியவை

உப்பைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்புப் போதும் என்பது விஞ்ஞானிகளின் முடிவு. நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதத்திற்கு 600 கிராம் ஆகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடங்கும். உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாளில் தீர்கிறது என்று பாக்கெட்டின்மேல் தேதி எழுதி வைத்துப் பாருங்கள். எண்ணெயும் தலைக்கு மாதம் அரை லிட்டருக்குள் இருப்பது நலம். கம்பும் கேழ்வரகும் கீரையும் நிலக்கடலையும் நமது நிலத்திலேயே விளைகின்றன. விற்றது போக வீட்டுக்கும் சிறிது வையுங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை மெல்லுதல் இவற்றை விட்டவருக்குப் பயன் விரைவில் கிட்டும். புகைப்பதால் வரும் மிகையான இருதய ஆபத்து, அதை விட்ட ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. பொது இடங்களில் புகைபிடித்தல் 2008 ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது. அத்தடை ஊராட்சி அலுவலகத் திண்ணைக்கும் பொருந்தும் என்பதை அங்கத்தினர்கள் நினைவில் வைப்பார்களாக.

முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இச்சோதனையையும் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. “உடம்பு நன்றாயிருக்கிறது” என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் பலர். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாயிருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். கரையைக் காத்து நிற்கும் மணல் மூட்டையை, வெள்ளம் உள்ளே வரவில்லையே என்று யாரும் எடுத்துவிடுவதில்லை.

ஊராட்சி செய்யவேண்டியவை

இனி ஊராட்சிக்கென்று உள்ள வேலைகளைக் கூறுகிறோம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, வழி. ஆம்புலன்ஸ் வண்டி உங்கள் கடைசிக் குடியிருப்பு வரை வந்து திரும்ப முடியுமா என்று அங்கத்தினர்கள் நடந்து பாருங்கள். வளைவில் வைக்கோல் போர் இருக்கலாம். சாலையில் தானியம் காயலாம். சிறுபாலத்தின் ஓரம் சரிந்திருக்கலாம். அவற்றைச் சரிசெய்வது உங்கள் அதிகாரத்திற்கு உட்பட்டதே.

இரண்டாவது, அடையாளம். தெருப்பெயர்ப் பலகை இல்லாத குடியிருப்பை நள்ளிரவில் கண்டுபிடிப்பது அரிது. பலகை வையுங்கள். தகவல் கிடைத்ததும் டார்ச் விளக்குடன் பிரதான சாலைக்குச் சென்று வண்டிக்கு வழிகாட்ட, தெருவுக்கு இருவரை நியமியுங்கள்.

மூன்றாவது, பட்டியல். இரவில் கார் அல்லது வேன் எடுத்துவர இசைந்தவர்களின் பெயரும் எண்ணும், 108, செவிலியரின் எண், இ.சி.ஜி. வசதியுள்ள அருகாமை மருத்துவமனையின் பெயர் ஆகியவற்றை ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடிச் சுவரிலும் எழுதி வையுங்கள். காப்பீட்டு அட்டையை எடுக்கும் இடத்தில் வைக்கும்படி ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள்.

நான்காவது, ஒத்திகை. ஆறு மாதத்திற்கு ஒரு முறை, ஒரு குடியிருப்பில் நோயாளி இருப்பதாக வைத்துக்கொண்டு, தகவல் சொல்வது முதல் பிரதான சாலையை அடைவது வரை எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 108 எண்ணை மட்டும் ஒத்திகைக்காக அழைக்கவேண்டாம். அந்நேரம் வேறோர் ஊரில் உண்மையான நோயாளி காத்திருப்பார்.

கூட்டம் நம்மிடமே இருக்கிறது

இவையெல்லாம் ஒரு நாள் பேசி மறந்தால் பயன் தாரா. இச்சொற்பொழிவும் அப்படித்தான். கைதட்டிவிட்டுக் கலைந்தால் அடுத்த வாரம் உப்புப் பாக்கெட்டில் தேதி எழுத நினைவிருக்காது. ஆகவேதான் தவறாமல் கூடும் கூட்டம் வேண்டும் என்கிறோம். ரோட்டரி சங்கத்தாரும் 2016 முதல் மாதம் இருமுறை கூடினாலும் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். கூடாமலே இருக்கலாம் என்று சொல்லவில்லை.

நமது ஊரில் சங்கம் ஏது, வாரக் கூட்டம் ஏது என்று கேட்கவேண்டாம். 1989 இல் தர்மபுரி மாவட்டத்தில் வேரூன்றி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், குறித்த கிழமையில் கூடிச் சேமிப்பையும் கடன் தவணையையும் கணக்குப் பார்க்கும் வழக்கத்திலேயே வளர்ந்தவை. சென்ற வாரம் சொன்னதை இந்த வாரம் கேட்கும் பழக்கம் நம் சகோதரிகளுக்குப் புதிதன்று. அந்தக் கணக்குப் புத்தகத்தில் இன்னும் ஒரு பக்கம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இந்த வாரம் ரத்த அழுத்தம் பார்த்தவர் யார், மாத்திரை நிறுத்தியவர் யார், பீடியை விட்ட வீட்டுக்காரர் யார் என்று பத்து நிமிஷம் பேசினால் போதும். ஆடவரும் வாரத்தில் ஒரு மாலை பால் கூட்டுறவுச் சங்கத் திண்ணையிலோ, ஆலமரத்தடியிலோ கூடலாம். மாதம் ஒரு முறை டாக்டரையோ, செவிலியரையோ அழையுங்கள். அவர் இருபது நிமிஷம் பேசட்டும். நீங்கள் அரைமணி நேரம் கேள்வி கேளுங்கள்.

ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கிராம சபையில், ஆம்புலன்ஸ் வழி, பெயர்ப் பலகை, பட்டியல், ஒத்திகை ஆகிய நான்கையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அதற்கடுத்த கிராம சபையில் அவற்றுள் எவை முடிந்தன என்று எழுந்து கேளுங்கள். கேட்பதற்கு ஒருவரும் தயங்கவேண்டாம்; பதில் சொல்வதற்கு அங்கத்தினர்களும் தயங்கவேண்டாம்.

வாய்க்காலில் அடைப்பு என்று தெரிந்தால் நடுநிசியானாலும் மண்வெட்டியுடன் ஓடுகிறவர்கள் நீங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் இருதயத்திற்கும் அதே வேகத்தில் ஓட ஊரை ஆயத்தம் செய்யுமாறு உங்கள் அனைவரையும் வேண்டிக்கொண்டு அமைகிறோம்.